பன்னிரண்டு வோல்ட்டில் கீழ்ஸ்தாயி

காரில் பாட்டுக் கேட்பதற்காகப் பணம் செலவழிப்பவர்களுள், டிக்கியில் ஒரு மரப்பெட்டியும், அதற்குள் 12 அங்குல சப்வூஃபரும், பின்ஸீட்டின் முதுகில் திருகி மாட்டிய ஆம்ப்ளிஃபயரும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு தனி ரகம். மாட்டிய புதிதில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி நெஞ்சில் வந்து தட்டுவதைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தவர்கள், ஓராண்டு கழிந்த பின், முழக்கம் விட்டு விட்டு வருவதையும், சில நாள் வராமலே போவதையும், வந்தாலும் கூடவே ஓர் ஊளைச் சப்தத்தையும் அழைத்து வருவதையும் கண்டு, கடைக்குப் போகிறார்கள். கடையில் ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது, புதியது வருகிறது, சில வாரங்களில் பழைய தொல்லையும் வந்து சேர்கிறது. இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை பெட்டிகளுக்குள் இருப்பதில்லை, பெட்டிகளை இணைக்கும் கம்பிகளிலும் நட்டு போல்ட்டுகளிலும் குமிழ்களைத் திருகிய விதத்திலுமே இருக்கின்றன என்பதும், மின்சாரம் பெருவாரியாக ஓடும் தருணத்தில் அளந்தாலன்றி அவை அகப்படுவதில்லை என்பதுமே என் கட்சி.

கீழ்ஸ்தாயி ஒலியை உண்டாக்குவது ஏன் இத்தனை பிரயாசையான காரியம் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதச் செவியைப் பரீட்சித்து வெளியிட்ட வளைகோடுகள், நடுஸ்தாயி ஒலிகளிடம் நம் காது காட்டும் கூர்மையைக் கீழ்ஸ்தாயி ஒலிகளிடம் காட்டுவதில்லை என்பதையும், நொடிக்கு 50 அதிர்வுள்ள ஓர் ஒலி 1000 அதிர்வுள்ள ஒலிக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் காற்றில் அதன் அழுத்தம் பன்மடங்கு ஏறியாக வேண்டும் என்பதையும் தெளிவாக்கின. காதின் மந்தம் ஒருபுறமிருக்க, ஸ்பீக்கரின் கஷ்டம் வேறு. காந்தத்தின் குறுகிய இடைவெளியில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள், அதில் பாயும் மின்சாரத்துக்கேற்ப முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டிய காகிதக் கூம்பையும் அசைக்கின்ற ஏற்பாட்டை 1925-இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற எஞ்சினீயர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். இன்றைய சப்வூஃபரும் அடிப்படையில் அதுவேதான். திறந்த வெளியில் இந்தக் கூம்பு 80 ஹெர்ட்ஸில் எழுப்பும் அதே அளவு ஒலியை 40 ஹெர்ட்ஸிலும் எழுப்ப வேண்டுமானால், அது போய்வரும் தூரம் நான்கு மடங்காக வேண்டும். நல்ல வேளையாகக் காரின் உட்புறம் சிறியது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். அத்தனை நீளம் எந்தக் காரின் உள்ளும் இல்லாமையால், அலை பரவுவதற்குப் பதிலாக உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஒருசேர அமுங்கி விரிகிறது, கூம்பின் உழைப்பும் அந்த மட்டில் குறைகிறது. கண்ணாடிகளை இறக்கியதும் பேஸ் மெலிந்துவிட்டதென்று புகார் சொல்பவர்கள் உண்டு. அது பழுதன்று, அடைத்த காற்றுக்கு வழி திறந்துவிட்டதன் விளைவு.

இவ்வளவு வேலைக்கு டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவின் சக்தி போதாது என்பதற்குச் சிறிய கணக்கே சாட்சி. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். அந்த அழுத்தத்தை அப்படியே முழுவதும் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தாலும், ஒலி சிதையாமல் பெறக்கூடியது 26 வாட்டுக்கு மேல் இல்லை. அட்டைப் பெட்டியின்மேல் ‘50 வாட், நான்கு’ என்று அச்சிட்டிருக்கிறார்களே என்றால், 14.4-ஐ அதனாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 52 வருகிறது. அதாவது, ஒலியலையின் தலையையும் காலையும் முழுவதும் வெட்டிச் சதுரமாக்கினால்தான் அந்த எண் கிடைக்கும். அச்சிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்கத் தகுந்த சங்கீதத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவே.

ஆகையால் ஆம்ப்ளிஃபயரின் முதல் வேலை ஒலியைப் பெருக்குவதன்று, 12 வோல்ட்டை உயர்த்துவது. இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் அன்று. 1930-இல் பால் கால்வினின் கம்பெனி மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்தையொட்டி, வால்வுகளுக்கு வேண்டிய உயர்ந்த அழுத்தத்தைச் சிறிய பேட்டரியிலிருந்து எப்படிப் பெறுவது என்பது பெரிய தலைவேதனையாக இருந்தது. பின்னர், ‘வைப்ரேட்டர்’ என்ற சாதனத்தில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று நொடிக்கு நூறு தடவைக்குமேல் துடித்து, நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்ப, அது இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஏறி வந்தது. ரேடியோவைப் போட்டால் பாட்டுக்கு முன்னால் இந்த நாக்கின் ரீங்காரம் கேட்கும். 1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுக்க டிரான்ஸிஸ்டரிலேயே அமைந்த கார் ரேடியோவைக் கொணர்ந்ததும் வைப்ரேட்டருக்கு அவசியம் இல்லாமற் போயிற்று. ஆனால் தத்துவம் அழியவில்லை. இன்றைய ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினால், வளையம்போன்ற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும், பக்கச்சுவரோடு அழுத்தி வைத்த மாஸ்ஃபெட் டிரான்ஸிஸ்டர்களின் வரிசை ஒன்றும் கண்ணில் படும். எஃகு நாக்கு செய்த வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அவை சப்தமின்றிச் செய்கின்றன.

இப்படி உயர்த்துவதற்கு விலை உண்டு. 500 வாட் வெளியிடும் ‘டி’ வகுப்பு ஆம்ப்ளிஃபயர், உட்கொள்வதில் நூற்றுக்கு எண்பது பங்கை ஸ்பீக்கருக்குக் கொடுக்குமென்று வைத்துக்கொண்டாலும், பேட்டரிப் பக்கத்திலிருந்து அது 45 ஆம்பியர் இழுக்கும்; பழைய ‘ஏ பி’ வகுப்பாக இருந்து பாதிக்குப் பாதியே தேறுமானால் 70-ஐத் தாண்டும். காரின் இரண்டு ஹெட்லைட் பல்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியரே இழுப்பவை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பெருக்கம் விளங்கும். கூடவே ஒரு பரீட்சை: 5000 வாட் என்று எழுதிய ஆம்ப்ளிஃபயரை யாராவது காட்டினால், எழுத்தைப் படிக்காமல், பக்கத்தில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைப் படியுங்கள். இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ்கள் இருந்தால், அதற்குள் போகக்கூடியதே 830 வாட்டுக்குள். வெளியே வருவது 660-ஐத் தாண்டாது. மிச்சமெல்லாம் மை.

இனி பழுதுக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரின் ஒரு பக்கத்தில் மூன்று முனைகள் இருக்கும்: பேட்டரியின் பிளஸ், எர்த், ரிமோட். மூன்றாவது முனைக்கு, டாஷ்போர்டு ஸ்டீரியோவின் பின்னாலிருந்து பெரும்பாலும் நீல நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட மெல்லிய ஒயர் வருகிறது. ஸ்டீரியோவைப் போட்டால் அதில் 12 வோல்ட் தோன்றி, ‘விழித்துக்கொள்’ என்று ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லும். விளக்கே எரியாத ஆம்ப்ளிஃபயரைச் செத்ததென்று முடிவு கட்டுமுன், இந்த மூன்று முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்காதவரை எந்தத் தீர்ப்பும் செல்லாது. பிளஸ் முனையில் ஒன்றுமில்லையென்றால் பேட்டரிக்கு அருகில் உள்ள பெரிய ஃபியூஸைப் பார்க்க வேண்டும்; அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்காக வைத்ததன்று, நடுவழியில் கம்பி பாடியில் உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பற்றாமல் காப்பதற்காக வைத்தது என்பதால், பேட்டரியிலிருந்து முழம் தூரத்துக்குள் அது இருந்தாக வேண்டும். ரிமோட் முனையில் மட்டும் ஒன்றுமில்லையென்றால், பிளஸ் முனையிலிருந்து சிறு ஒயர்த் துண்டால் ரிமோட் முனையைத் தொட்டுப் பார்க்கலாம். உடனே விளக்கு எரிந்தால், குற்றம் டாஷ்போர்டுப் பக்கத்தில்.

இதுவரை சொன்னவை சுலபமானவை. மூன்று முனைகளிலும் வோல்ட் இருக்கிறது, விளக்கும் எரிகிறது, மெதுவாக வைத்தால் பாடவும் செய்கிறது, சப்தத்தை ஏற்றினால் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் மூச்சடைத்து நின்றுவிடுகிறது என்ற நிலையே மனிதரைத் திண்டாட வைப்பது. எனக்குப் பழக்கமான வக்கீல் ஒருவருடைய வண்டியில் இதே கோளாறு. அதை மாட்டிக் கொடுத்த கடையின் பையன் மீட்டரின் ஒரு முனையைப் பிளஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்து, 12.6 என்று காட்டினான். எர்த் ஒயருக்கும் பாடிக்கும் இடையே வைத்து, மீட்டர் ‘பீப்’ என்று கத்துவதையும் கேட்கச் செய்தான். “கரெண்ட்டெல்லாம் கரெக்டா வருது சார், ஆம்ப்தான் போயிடுச்சு, மாத்திடலாம்” என்றான். அவன் அளந்ததில் தவறில்லை. அளந்த வேளைதான் தவறு. பாட்டு ஓடவில்லை, எஞ்சினும் ஓடவில்லை.

ஓம் என்ற ஜெர்மானியர் 1827-இல் வெளியிட்ட விதி நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான்: இழக்கும் வோல்ட், ஓடும் ஆம்பியரையும் வழியிலுள்ள தடையையும் பெருக்கினால் வருவது. ஓட்டமே இல்லையென்றால், தடை எவ்வளவு இருந்தாலும் இழப்பும் இல்லை. துருப்பிடித்த போல்ட் வழியாகவும் 12.6 வோல்ட் அப்படியே வந்து நிற்கும். அந்த போல்ட்டின் தடை வெறும் 0.02 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமானிய மீட்டரின் கடைசி இலக்கமே 0.1 ஓம் ஆகையால், அதன் கண்ணுக்கு இந்தத் தடை பூஜ்யம். ‘பீப்’ என்று கத்தும் பரீட்சையோ இன்னும் மோசம், பத்து இருபது ஓம் இருந்தாலும் கத்திவிடும். ஆனால் அதே போல்ட்டின் வழியே 50 ஆம்பியர் பாயும்போது ஒரு முழு வோல்ட் அங்கேயே விழுங்கப்படுகிறது, 50 வாட் உஷ்ணமாக அதே இடத்தில் இறங்குகிறது. ஓய்வில் பூஜ்யமாகவும் வேலையில் ஒரு வோல்ட்டாகவும் காட்சியளிக்கும் இந்தச் சிறு தடைதான் கார் ஆடியோவின் நூறு மர்மங்களுக்கும் விடை.

வக்கீலின் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு, கைபேசியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஒரே சுருதியைச் சில நொடிகள் மட்டும் உரக்க விட்டு அளந்தோம். பேட்டரியின் தலையில் 13.6; ஆம்ப்ளிஃபயரின் முனைகளில் 11.2. இடையில் காணாமற்போன 2.4 எங்கே என்பதை அறிய, மீட்டரின் கறுப்பு முனையை நீண்ட ஒயரால் பேட்டரியின் மைனஸோடு கட்டி, சிவப்பு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையில் வைத்தபோது 1.9 வோல்ட் காட்டியது. மீதி அரை வோல்ட், பிளஸ் கம்பியின் நீளத்தில் கரைந்திருந்தது. மீட்டர் காட்டுவது சராசரி. பாட்டில் ஒவ்வொரு அடியின் உச்சியிலும் இதைவிட ஆழமாக இறங்கி, ஆம்ப்ளிஃபயரின் குறையழுத்தக் காவல் அதை அணைத்துவிட்டிருக்கிறது. பின்ஸீட்டைத் தூக்கிப் பார்த்தால், எர்த் ஒயரை இருக்கையின் பட்டி போல்ட் ஒன்றின்கீழ், பெயின்ட்டைச் சுரண்டாமலே வைத்து முறுக்கியிருந்தார்கள். ஒயரின் மேலுறை முனையில் வெந்து பழுப்பேறி, விரலால் அழுத்தினால் பொரிந்தது. உயிர் காக்கும் பெல்ட்டைத் தாங்கும் போல்ட்டை எர்த்துக்கு உபயோகிப்பதே விவேகமற்ற செயல் என்பது வேறு விஷயம். வேறோர் இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும்படி உப்புக்காகிதத்தால் தேய்த்து, பல் வைத்த வாஷர் கொடுத்து, இறுக முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலீன் தடவிய பின், 1.9 இருந்த இடத்தில் 0.1 இருந்தது. அந்த ஆம்ப்ளிஃபயர் இன்னும் அதே வண்டியில் பாடிக்கொண்டிருக்கிறது.

பிளஸ் கம்பியில் கரைந்த அரை வோல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான ‘கிட்’களில் வரும் தடித்த கம்பி, பெரும்பாலும் தடித்த ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய கம்பி, அதுவும் செம்பன்று, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. அதன் தடை அதே பருமனுள்ள செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். வாங்குவதற்கு முன் கடையிலேயே சுரண்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, சிவப்பு விளக்கு. ‘புரொடெக்ட்’ என்ற எழுத்துக்கு அருகில் அது எரிந்தால், ஆம்ப்ளிஃபயர் தனக்கு ஆபத்தென்று கருதித் தன்னை முடக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கர் ஒயர்களை முழுவதும் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். சிவப்பு அணைந்தால் குற்றம் ஸ்பீக்கரிலோ அதற்குப் போகும் ஒயரிலோ. இருக்கையின் தண்டவாளம் ஒயரைக் கடித்திருப்பது சர்வசாதாரணம். அணையாவிட்டால் ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. ஒயரையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அதற்கும் மசியாமல், மூன்று முனைகளில் நல்ல வோல்ட் இருந்தும் சிவப்பு நின்றெரிந்தால், அப்போதுதான் பெட்டிக்குள் பழுதென்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கு மீட்டரே போதும். 4 ஓம் என்று எழுதிய சுருளின் நேர்த்தடை மூன்றேகாலிலிருந்து மூன்றேமுக்கால் ஓம் வரை காட்டும். மீட்டரின் ஒயர்களுக்கே 0.2 அல்லது 0.3 ஓம் உண்டாகையால், முனைகளை ஒன்றோடொன்று தொட்டு அந்த எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். எண்ணே வராவிட்டால் சுருள் அறுந்தது. ஓர் ஓமுக்கும் கீழே போனால் சுருளின் பூச்சு கருகிச் சுற்றுகள் ஒட்டிக்கொண்டன. இரண்டு கைகளாலும் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்தி விடும்போது கரகரவென்று உரசினால், சுருள் வட்டம் கெட்டுக் காந்தத்தில் இடிக்கிறது. அப்படிப்பட்டதைப் பாடவிட்டுக்கொண்டிருப்பது வீண். இரட்டைச் சுருள் சப்வூஃபரில் மற்றொரு பொறி இருக்கிறது. 2 ஓம் சுருள்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 4 ஓம். பக்கவாட்டில் இணைத்தால் 1 ஓம். ஆம்ப்ளிஃபயர் 2 ஓமுக்குக் கீழே தாங்காதென்று அதன் முதுகிலேயே எழுதியிருக்க, அதிகச் சப்தத்துக்கு ஆசைப்பட்டு 1 ஓமில் மாட்டியவர்கள், அரைமணி நேரத்தில் சூடேறி நின்றுவிடுகிறதென்று ஆம்ப்ளிஃபயரைத் திட்டுவதில் நியாயமில்லை.

சப்வூஃபர் இரண்டு இருந்து, இரண்டும் நன்றாக அசைகின்றன, ஆனாலும் காரில் பேஸ் இல்லை என்றால், ஒன்றின் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கூம்பு வெளியே வரும் கணத்தில் மற்றது உள்ளே போனால், ஒன்று தள்ளிய காற்றை மற்றது வாங்கிக்கொள்கிறது, நம் காதுக்கு மிஞ்சுவது சொற்பம். 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றை எடுத்து, அதன் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால், கூம்பு வெளிப்பக்கமாகத் துள்ள வேண்டும். கதவு ஸ்பீக்கர்களுக்கும் சப்வூஃபருக்கும் இடையிலும் இதே முரண் ஏற்படுவதுண்டு. அதற்குச் சப்வூஃபரின் ஒயரைத் திருப்பிப் போட்டு, எந்தப் பக்கம் போட்டால் 80 ஹெர்ட்ஸையொட்டிய ஒலி நிறைவாகக் கேட்கிறதோ அதையே வைத்துக்கொள்வதைவிடச் சிறந்த பரீட்சை இல்லை.

ஊளைச் சப்தம் தனி அத்தியாயம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஊரில் இதை ‘டைனமோ சத்தம்’ என்பார்கள், அது மிகவும் பொருத்தமே. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மூன்று கட்ட மாறுமின்சாரம். டயோடுகள் அதை நேராக்கினாலும் அலைவின் தழும்பு முற்றிலும் மறைவதில்லை. சாதாரணமான 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 தழும்புகளை விடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது, புல்லியின் விகிதத்தால் ஆல்டர்னேட்டர் 2000 சுற்றில் சுழலுமானால், நொடிக்கு 1200 தழும்புகள், அதாவது 1200 ஹெர்ட்ஸ் சுருதி; எஞ்சின் 2400-க்கு ஏறினால் 3600 ஹெர்ட்ஸ். இந்தக் கணக்கிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. சப்வூஃபருக்குப் போகும் வழியில் 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால், இந்த ஊளை சப்வூஃபரில் கேட்கவே முடியாது, கதவு ஸ்பீக்கர்களில்தான் கேட்கும். டிக்கியிலிருந்து வேறு ஏதாவது கடகடத்தால், நம்பர் பிளேட்டையும் டிக்கி மூடியையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

ஊளை உள்ளே நுழையும் வாசல் பெரும்பாலும் எர்த்தேதான். ஸ்டீரியோ டாஷ்போர்டுக்குள் ஓர் இடத்தில் பாடியைத் தொடுகிறது, ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் வேறோர் இடத்தில் தொடுகிறது. இரண்டு இடங்களுக்கும் இடையே பாடியில் சிறிதளவு வோல்ட் வித்தியாசம் இருந்தால், அது ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிப்பின்னல் வழியாக ஒரு சுற்றை உண்டாக்கிக்கொண்டு சங்கீதத்தோடு கலந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயர் முனையில் ஆர்.சி.ஏ. ஒயரைப் பிடுங்கியதும் ஊளை நின்றால் அது அந்த வழியாகவே வந்தது என்பது நிச்சயம். எர்த்தைச் செம்மைப்படுத்துவதே நிவாரணம். இடையில் செருகும் ‘ஐஸொலேட்டர்’ என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மரைக் கடைகளில் உடனே எடுத்து நீட்டுவார்கள்; ஊளை அடங்கும், கூடவே கீழ்ஸ்தாயியும் கொஞ்சம் அடங்கும். பேட்டரியின் முனைகளில் மீட்டரை மாறுமின்சார அளவில் வைத்துப் பார்த்து, எஞ்சின் ஓடும்போது அரை வோல்ட்டைத் தாண்டினால், ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று போயிருக்கக்கூடும். அது ஆடியோக்காரரின் வேலையன்று, ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை.

ஸ்பீக்கர்களைக் கொல்வதில் முதலிடம் எதற்கென்று என்னைக் கேட்டால், ‘கெயின்’ என்று எழுதிய சிறு குமிழுக்குத்தான் என்பேன். அதைச் சப்தக் குமிழ் என்று நினைத்துக் கடைசிவரை திருகி வைப்பவர்களே அநேகர். வாஸ்தவத்தில் அது, ஸ்டீரியோ அனுப்பும் வோல்ட் எவ்வளவோ அதற்குத் தக ஆம்ப்ளிஃபயரின் காதைக் கூராக்குவது. 4 வோல்ட் அனுப்பும் ஸ்டீரியோவுக்கு 0.2 வோல்ட்டுக்குரிய கூர்மையை வைத்தால், ஸ்டீரியோவின் சப்தத்தைச் சிறிதே ஏற்றியவுடன் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையில் போய் முட்டி, அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டத் தொடங்குகிறது. உருண்ட அலையைவிட அதே உயரமுள்ள சதுர அலையில் சக்தி இரு மடங்கு. 300 வாட் என்று நம்பிய ஆம்ப்ளிஃபயர் 600 வரை சுருளுக்குள் கொட்டுகிறது. வெட்டிய அலை நேர்மின்சாரமாகிச் சுருளை எரிக்கிறதென்று பலர் சொல்லக் கேட்கலாம், அது சரியன்று. மேலும் கீழும் சமமாக வெட்டிய அலை நேர்மின்சாரம் ஆவதில்லை, சுருளை எரிப்பது சராசரிச் சக்தியின் உஷ்ணமே. கருகிய வார்னிஷ் மணம் டிக்கியிலிருந்து முன்ஸீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் காரியம் மிஞ்சியிருக்கும். அதற்குமுன் ஓர் அறிகுறி உண்டு: உரக்க வைத்து அரைமணி ஆனதும் பேஸ் மெல்ல மெல்லத் தளர்ந்து, நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி பழைய பலத்தோடு வருமானால், சுருள் சூடேறித் தடை ஏறுகிறது, செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.39 பங்கு வீதம் உயர்வது. தளராமல் ஒரேயடியாக நின்று பிறகு வருவது, ஆம்ப்ளிஃபயரின் உஷ்ணக் காவல்.

குமிழை நிர்ணயிக்கக் காதை நம்ப வேண்டாம். சப்வூஃபரின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவில் பேஸ் ஏற்றும் வசதிகளையெல்லாம் அணைத்து, சப்தத்தை முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் மாறுமின்சார வோல்ட்டைப் பார்த்தவாறே குமிழைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிற்க வேண்டிய இடம் கிடைக்கும்: 300 வாட்டும் 4 ஓமும் என்றால் 34.6 வோல்ட். அங்கே நிறுத்தி, குமிழைப் பிறகு தொடாமல் இருப்பதே உத்தமம்.

ஒவ்வோர் அடிக்கும் ஹெட்லைட் மங்குவதைக் கண்டு ‘கபாஸிட்டர்’ வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. 1 ஃபாரட் கபாஸிட்டர், அழுத்தம் 14.4-லிருந்து 12.4-க்கு இறங்கும்வரை கொடுக்கக்கூடியது 27 ஜூல். 500 வாட் ஆம்ப்ளிஃபயர் முழுவீச்சில் அதைக் குடித்துத் தீர்க்க ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். கல்யாணப் பந்திக்கு ஒரு டம்ளர் சாம்பார் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரந்தான் அது போகும். அந்தப் பணத்தில் பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் தடித்த செம்புக் கம்பி போடுவது பலன் தரும். அதன் பின்னும் மங்கினால் ஆல்டர்னேட்டரின் அளவு போதவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனையும் பார்த்த பின், பழுது பெட்டிக்குள்தான் என்று உறுதியானால், முதலில் பேட்டரியின் மைனஸ் கிளிப்பைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரை வெளியே எடுத்து, அதன் பிளஸ் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே ஓம் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால், பவர் பக்கத்து மாஸ்ஃபெட்டுகள் ஷார்ட்டாகிவிட்டன. அதை மறுபடி வண்டியில் மாட்டினால் ஃபியூஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகுமே தவிர வேறு பலன் இராது. சென்னையானால் ரிச்சி தெருவில் இதைப் பழுதுபார்க்கும் ஆட்கள் அகப்படுவார்கள். எரிந்தது ஒன்றே ஒன்றானாலும் அந்த வரிசையிலுள்ள மாஸ்ஃபெட்டுகள் அனைத்தையும், அவற்றின் கேட் ரெஸிஸ்டர்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அந்த ரிப்பேர் நிலைப்பதில்லை.